"டீச்சர், வீவகன்னா என்ன?"

உயர்நிலை 2 பிள்ளைகள் 18 பேரோடு சிங்கப்பூரின் தமிழ் வானொலியான ஒலி 96.8 நிலையத்துக்குப் போய் வந்த அனுபவம் இது. ஒன்-நார்த் ரயில் நிலையத்தில் இறங்கி, ஸ்டார்ஸ் அவென்யூவில் இருக்கும், அந்த வானொலியை நடத்தும் மீடியாகார்ப் நிறுவனத்தின் கட்டடத்துக்கு நடந்தே போனோம். நான் படித்த காலத்தில் வானொலி நிலையம் கால்டிகாட் குன்றில் இருந்தது. உள்ளே போய்ப் பார்க்க வாய்ப்பே கிடைக்கவில்லை. அதனால் பிள்ளைகளைவிட எனக்குத்தான் பரபரப்பு அதிகம்.

ஒலிபரப்பு அறையின் கனமான கதவு மூடியதும் வெளிச்சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. பாட்டு முடிய இன்னும் எத்தனை நொடி என்று திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதுவரை எங்களோடு பேசிக்கொண்டிருந்த படைப்பாளர் சட்டென்று கையை உயர்த்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. எதிரில் இருப்பது ஒலிவாங்கி மட்டும்தான், ஆனாலும் முகமெல்லாம் சிரிப்பாகப் பேசினார். "சிரிச்சா அது குரல்ல கேட்கும்பா" என்றார் அப்புறம்.

எனக்கு மறக்காதது அதற்கடுத்து நடந்ததுதான். வானொலியில் வாசித்து முடித்த பழைய செய்தி எழுதிய தாள் ஒன்றைக் கொடுத்துப் பிள்ளைகளை வாசிக்கச் சொன்னார்கள். மூச்சு விடும் இடங்களில் பென்சிலால் சாய்கோடு, ழகரம் வரும் இடங்களில் வட்டம். வீட்டில் ஆங்கிலமே பேசும் ஒரு மாணவி தாளைப் பார்த்துவிட்டு என் காதருகே வந்து, "டீச்சர், வீவகன்னா என்ன?" என்றாள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்று சொன்னேன். புரியவில்லை. "நீ குடியிருக்கிற புளோக்கைக் கட்டினவங்கம்மா" என்றதும் கண் விரிந்தது. மசேநி (மத்திய சேமநிதி), தீவு விரைவுச்சாலை, உணவங்காடி நிலையம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாம் அவள் தினமும் புழங்குகிற விஷயங்கள். தமிழ்ப் பெயர்தான் புதிது.

'விரைவுச்சாலை'யில் இரண்டு தடவை தடுக்கி, மூன்றாம் தடவை சரியாக வாசித்தாள். பதிவைப் போட்டுக் காட்டியபோது இரண்டு கையாலும் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இது நானா?" என்றாள். பாட்டிக்குக் காட்ட வேண்டும் என்று அந்தத் தாளையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இத்தனை வருடமாக இந்தச் சொற்களைப் பயிற்சித்தாளில் அர்த்தம் எழுத வைத்தே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இப்போது திங்கட்கிழமை வகுப்பில் முதல் ஐந்து நிமிடம் வானொலிச் செய்தி போடுகிறேன். அந்த மாணவிதான் புதுச் சொற்களைப் பலகையில் எழுதுகிறாள்.