மறுமை நம்பிக்கை மரண பயத்தைக் குறைக்கிறதா? கேள்வித்தாளில் எங்கே சிக்கல்?

தேடல்:
முதுகலை உளவியல் ஆய்வேட்டுக்காகக் கேட்கிறேன். "இறப்புக்குப் பின் வாழ்வு உண்டா? ஆம் / இல்லை" என்று ஒரு கேள்வி, கூடவே மரண பயம் பற்றிப் பத்துக் கேள்விகள். முன்னோட்டத்தில் இரு தரப்பின் சராசரியும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகிறது. கேள்வி சரியில்லையா, அல்லது உண்மையிலேயே வேறுபாடு இல்லையா?

அளவுகோல்:
சிக்கல் அந்த "ஆம் / இல்லை"யில்தான். 2017இல் உளவியலாளர் ஜொனாதன் ஜாங் குழுவினர் சுமார் 100 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்ட முடிவுகளில் மத நம்பிக்கைக்கும் மரண பயத்துக்கும் தொடர்பே தென்படவில்லை. அந்தத் தொடர்பு நேர்கோடாக இல்லாமல் வளைகோடாக இருக்குமா என்று முறையாகச் சோதித்த 11 ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் அது வளைகோடாகவே வந்தது. ஆழமாக நம்புகிறவருக்கும் அறவே நம்பாதவருக்கும் பயம் குறைவு. இடையில் ஊசலாடுகிறவருக்கே அதிகம். இரண்டே பெட்டி வைத்தால் ஊசலாடுகிறவர்கள் இரண்டிலும் சிதறிவிடுவார்கள், சராசரியும் சமமாகிவிடும்.

எனவே உறுதியை 0 முதல் 10 வரை கேளுங்கள். கணக்கிடும்போது அந்த மதிப்பிலிருந்து சராசரியைக் கழித்து, வந்ததை வர்க்கப்படுத்தி, இரண்டையும் ஒரே தொடர்புப்போக்குச் (regression) சமன்பாட்டில் சேருங்கள். வர்க்க உறுப்பின் கெழு (coefficient) எதிர்க்குறியில் வந்தால் மட்டும் போதாது, வளைவின் உச்சி 0–10 அளவுகோலுக்குள் விழுகிறதா என்றும் பாருங்கள். இரு முனைகளிலும் போதிய ஆட்கள் இல்லையென்றால் வளைவு இருந்தாலும் தெரியாது.

பயக் கேள்விகளை முதலில் வையுங்கள். மறுமையைப் பற்றி யோசிக்கவைத்துவிட்டுப் பயத்தைக் கேட்டால், அந்த யோசனையின் சாயல் பதிலில் ஏறிவிடும்.

இறுதித்துணை:
உறுதி மட்டும் போதாது. எதை நம்புகிறார், அதில் தனக்கு என்ன இடம் என்று நினைக்கிறார் என்பதும் வேண்டும். சொர்க்கம் தனக்கு நிச்சயம் என்பவரும், நரகம் காத்திருக்கிறது என்று நடுங்குபவரும் உங்கள் தாளில் ஒரே "ஆம்"தான். 2001இல் வெளியான ஆய்வில் உளவியலாளர் பார்கமென்ட் குழுவினர், மருத்துவமனையில் இருந்த 55 வயதுக்கு மேற்பட்ட 596 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கடவுள் தன்னைக் கைவிட்டாரோ, தன்னை நேசிக்கிறாரோ இல்லையோ என்று தவித்தவர்களிடம் இறப்பு அபாயம் கூடுதலாக இருந்தது. நோயாளியிடம் "நம்பிக்கை உண்டா" என்று கேட்டுவிட்டு, உண்டு என்றதும் இவர் நிம்மதியாக இருப்பார் என்று முடிவுகட்டுவது ஆபத்தானது. "இதை நினைத்தால் ஆறுதலாக இருக்கிறதா, கலக்கமாக இருக்கிறதா?" என்பதே அடுத்த கேள்வியாக இருக்கட்டும்.

பயத்தையும் பிரித்துக் கேளுங்கள். சாவது வேறு, செத்துப்போன நிலை வேறு. மரண பயத்தை அளக்கும் கோலெட்–லெஸ்டர் அளவுகோல் 1969லேயே இவற்றைப் பிரித்தது; தன் சாவு, பிறர் சாவு என்றும் வகுத்தது. மறுமையை உறுதியாக நம்புகிறவரும் வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் அஞ்சுவார். அந்தப் பயத்தை நம்பிக்கைக் குறைவாக எண்ணிவிடக் கூடாது.

நடுநிலை:
"இல்லை" என்பவர்களும் ஒரே ரகம் அல்லர். உளவியலாளர் ஜெஸ்ஸி பெரிங் 2002இல் வெளியிட்ட ஆய்வில், சாவோடு எல்லாம் முடிந்தது என்றவர்களில் சிலர்கூட, கதையில் இறந்துபோன பாத்திரம் தான் இறந்ததை அறிந்திருக்கும் என்று பதில் சொன்னார்கள். ஆகவே நேர்க்கேள்வியோடு ஒரு சிறு கதைச்சூழலும் கொடுத்து, "இப்போது அவருக்குப் பசிக்குமா? மனைவியின் நினைவு இருக்குமா?" என்று கேளுங்கள்.

தேடல்:
மிக்க நன்றி. மறுபிறவியை நம்புகிறவர்களைத் தனிக் குழுவாக வைக்கலாமா?

இறுதித்துணை:
வைத்தே ஆக வேண்டும். அடுத்த பிறவியை ஆறுதலாகப் பார்க்கிறவரும் உண்டு, பிறவியே வேண்டாம், விடுதலை வேண்டும் என்பவரும் உண்டு. அவர்களிடம் "மறுபடி பிறக்க விரும்புகிறீர்களா?" என்று தனியே கேளுங்கள்.