கொறங்காட்டுப் பண்ணை: மாடும் செம்மறியும் ஒரே காட்டில் எப்படி நின்றன?

கரிசல்வாசி:
வணக்கம். காங்கயம் மாடு என்றாலே பழையகோட்டைப் பட்டக்காரர் (பரம்பரைத் தலைவர் பட்டம் உள்ள குடும்பம்) பண்ணை என்கிறார்கள். மாட்டைப் பற்றிப் படிக்க நிறையக் கிடைக்கிறது, பண்ணை எப்படி ஓடியது என்பது கிடைக்கவில்லை. அந்த மேட்டுக்காட்டில் ஆண்டுக்கு 600 மி.மீ. சுமாருக்குத்தான் மழை. அவ்வளவு மாட்டுக்கும் தீனி எங்கிருந்து வந்தது? "செம்மறி மிதித்த காட்டில் மாட்டுக்குப் புல் மிஞ்சாது" என்பார்கள் எங்கள் பக்கம். அங்கே ஒரே குடும்பம் இரண்டையும் வைத்திருந்தது எப்படி? இனத்தை "உருவாக்கினார்கள்" என்றால் நடைமுறையில் என்ன செய்தார்கள்?

வேலமரத்தடி:
முதல் இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதானுங்க: கொறங்காடு. மற்ற ஊர்களில் மேய்ச்சல் என்றால் புறம்போக்கு, ஏரிக்கரை. காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி வட்டாரத்தில் மேய்ச்சல்காடு சொந்தப் பட்டா நிலம். வேலி கட்டி, படல் வைத்து, புல்லையே வெள்ளாமையாக வைத்திருப்பார்கள்.

தரையில் கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. கொழுக்கட்டைப்புல் மேலே காய்ந்தாலும் தூர் சாகாது, ஒரு நல்ல மழைக்குத் துளிர்க்கும். வெள்வேலின் நிழல் மெல்லிசு, அடியில் புல் செத்துப் போவதில்லை. புல் தீருகிற காலத்தில் அதன் காய் ஆட்டுக்குத் தீனி.

காட்டை மூன்று நான்கு ஏக்கர் துண்டுகளாகக் குறுக்கு வேலி போட்டுப் பிரிப்பது முக்கியம். மழை விழுந்து பச்சை தெரிந்ததும் மந்தையை இறக்கக் கூடாது. கதிர் வாங்கி விதை உதிரும் வரை துண்டை அடைத்து வைக்க வேண்டும். திறந்ததும் முதலில் மாடு. அது நாக்கால் சுருட்டி மேல்புல்லை இழுத்துத் தின்னும். மாடு அடுத்த துண்டுக்குப் போன பிறகு செம்மறி வந்து கட்டைப்புல்லைக் கடிக்கும். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் உங்கள் ஊர்ப் பேச்சு பலித்துவிடும். செம்மறியை ஒரே துண்டில் அதிக நாள் விட்டால் தூர் வரை கடித்துவிடும். அடுத்த மழைக்குத் துளிர்க்கத் தூரில் சத்து இருக்காது. ஆவாரை ஏறத் தொடங்கினால் அங்கே ஆடு அதிக நாள் நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை துண்டை உழுது சோளமோ கொள்ளோ விதைப்பார்கள். குளம்பு மிதித்து இறுகிய மண்ணில் புல்விதை இறங்காது, உழவு அதை உடைத்துக் கொடுக்கும். சோளத்தட்டு போரில் ஏறி, கோடையைத் தள்ளும். ஆனால் மழை ஏமாற்றி இளஞ்சோளம் வாடி நிற்கும்போது மாடு புகுந்தால் சயனைடு நஞ்சு ஏறி நின்ற இடத்திலேயே சாயும். பூக்கும் வரை அந்தப் படலைத் திறக்கவே கூடாது.

பூச்சிக்காளை:
"உருவாக்கினார்" என்ற சொல் எனக்கு ஒப்புதல் இல்லை. மாடு முன்பே அந்த மண்ணில் இருந்தது. இனத்தைச் செம்மைப்படுத்திய பெருமையைக் கால்நடை நூல்கள் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியாருக்குத் தருகின்றன. நடந்தது பொறுக்கியெடுத்தல். பெரிய மந்தை ஒரே கையில் இருந்தது, காட்டுக்கு வேலியும் இருந்தது. எந்தக் காளை எந்தப் பசுவோடு சேர்கிறது என்பதைப் பண்ணைக்காரர் தீர்மானிக்க முடிந்தது. ஊர் மந்தை கலந்து மேயும் புறம்போக்கில் இது நடக்காது.

கன்று செவலையாக (செந்நிறமாக)ப் பிறந்து ஆறு மாத வாக்கில் மயிலைக்கு (சாம்பல் நிறத்துக்கு) மாறும். அதற்கு முன் நிறத்தை வைத்து விலை பேசுவது வீண். காளைக்குத் திமில், கழுத்து, முன்சப்பை, பின்சப்பை கருக்க வேண்டும். காயடித்தால் அந்தக் கருப்பு வெளுத்துவிடும். இனவிருத்திக்கு விடும் பூச்சிக்காளையை ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். கணக்கு எளிது: பசுவின் சினைக்காலம் ஒன்பதரை மாதம், பிறந்த கிடாரி பருவத்துக்கு வர இரண்டரை, மூன்று ஆண்டு. அதற்குப் பிறகும் அதே காளை நின்றால் தன் மகளோடு சேரும். எலும்பு சிறுத்து, சினை பிடிப்பது தள்ளிக்கொண்டே போகும்.

வருமானம் பாலில் இல்லை. கன்று குடித்தது போக ஒன்றரை, இரண்டு லிட்டர் தேறும். கவலை (எருது பூட்டிக் கிணற்று நீர் எடுக்கும் ஏற்றம்) இறைக்கவும் வண்டி இழுக்கவும் பழக்கிய எருது ஜோடியில்தான் காசு. அதனால் குளம்பு, கால், நெஞ்சகலம் பார்த்துப் பொறுக்கினார்கள், மடியைப் பார்க்கவில்லை. சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் மாட்டுச்சந்தையில் இன்றும் கைகள் முதலில் தடவுவது காலைத்தான்.

காளைக்கன்று பல் போட்டு, பழகி, விலைக்கு நிற்க மூன்று ஆண்டு ஆகிறதே, அதுவரை வீட்டுச் செலவுக்கு? அங்கேதான் செம்மறி வருகிறது. மேச்சேரி ஆட்டை மயிலம்பாடி என்றும் சொல்வார்கள். கம்பளி கிடையாது, கறிக்கும் தோலுக்கும் வளர்ப்பது. சினை 150 நாள், 25 முதல் 30 பெட்டைக்கு ஒரு கிடா போதும். இரவில் பட்டி போடுகிற இடத்துக்கு எருவும் ஆயிற்று. மழைக்குப் பின் வரும் இளம்பச்சையைக் காலி வயிற்றில் மேய்ந்தால் துள்ளுமாரி என்ற குடல்நஞ்சு நோய் கண்டு, நல்ல கொழுத்த குட்டிதான் முதலில் போகும். தடுப்பூசி பருவமழைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

கரிசல்வாசி:
தெளிவாகிவிட்டது, நன்றி. அப்புறம் ஏன் சுருங்கியது? நில உச்சவரம்பா?

சிட்டா_அடங்கல்:
பெரிய பண்ணைகளுக்கு அது உண்மை. 1961 சட்டம் ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்றது, 1970இல் 15 ஆயிற்று. ஆனால் சட்டம் தொடாத சின்னப் பண்ணைகளும் காலியாகின. கிணற்றுக்கு மோட்டார் வந்தது, கவலை போயிற்று. டிராக்டரும் லாரியும் வந்தன. எருதுக்கு வேலை இல்லையென்றால் எருதுக்காகப் பசு வளர்ப்பவருக்கும் வேலை இல்லை. பால் ஊற்ற ஜெர்சிக் கலப்பு வந்தது. கீழ்பவானி, பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசனத் தண்ணீர் எட்டிய இடங்களில் கொறங்காடு தோட்டமாயிற்று.

அதிகம் பேசப்படாதது பாகப்பிரிவினை. 12 ஏக்கர் காட்டில் நான்கு துண்டு இருந்தால் ஒன்றில் மேய்ச்சல், மூன்றுக்கு ஓய்வு. மூன்று பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு 4 ஏக்கர். சுழற்சிக்கே இடமில்லை.

ஒரு பண்ணையின் வரலாற்றை எழுதுவதானால் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் தொடங்குங்கள். வில்லங்கச் சான்று இணையத்தில் பெரும்பாலும் 1975 முதல் கிடைக்கும், அதற்கு முந்தியது அங்கே இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேட்டில்) "தரிசு" என்று பார்த்ததும் பாழ்நிலம் என்று எழுதிவிடாதீர்கள், பயிர் இல்லாத ஆண்டில் நல்ல புல்காடும் அப்படித்தான் பதிவாகும். கிணற்று மின் இணைப்பு கிடைத்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதை ஒட்டித்தான் அந்த வீட்டில் எருது குறையத் தொடங்கியிருக்கும்.

வேலமரத்தடி:
வேலியையும் விடாதீங்க. கிளுவை இலையில்லாமல் நிற்கும் கோடையில் நாலடிப் போத்து (நடுவதற்கான கிளைத்துண்டு) வெட்டி, சில நாள் நிழலில் போட்டு வெட்டுவாய் உலர்ந்த பிறகு, முக்கால் அடி ஆழத்தில் நெருக்கி நடுவார்கள். வெட்டிய ஈரத்தோடு சேற்றில் நட்டால் அழுகிவிடும். துளிர் விடும்போது வெள்ளாடு எட்டினால் அந்த இடம் ஓட்டையாகிவிடும். அந்த ஓட்டையில் நாய் புகும். தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வது இப்போது காங்கயம், வெள்ளகோவில் பக்கம் சாலைமறியல் வரை போன பிரச்சினை.

பொக்லைன் வைத்து வேலியைப் பிடுங்குவதற்கு முன் காட்டை ஒருமுறை நடந்து, வேலி ஓடும் கோடுகளைத் தாளில் வரைந்து, புலப்படத்தோடு (சர்வே எல்லை வரைபடத்தோடு) ஒப்பிட்டுப் பாருங்கள். உட்பிரிவு எல்லையில் சேராமல் ஒரே சர்வே எண்ணுக்குள் குறுக்கே பழங்கிளுவை ஓடினால் அது பங்காளி வேலியாக இருக்காது, பெரும்பாலும் பழைய மேய்ச்சல் தடுப்புத்தான்.