பேபி கேரியருக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்குள் வேண்டும்

லாசுப்பேட்டையிலிருந்து:

குழுவினர் அனைவர்க்கும் வணக்கம்.

வில்லியனூர்ப் பக்கம் ஒரு மகளிர் குழுவினர் பருத்தித் துணியில் பேபி கேரியர், அதாவது குழந்தையை உடம்போடு கட்டித் தூக்கும் பை, தைக்கிறார்கள். அதோடு மடித்து வைக்கும் விளக்கத்தாளைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கைக்குழந்தையோடு நாள் முழுக்க வெளியே இருக்க வேண்டியவர்களுக்கான தாள் இது. 6ஆம் வாரத் தடுப்பூசிக்குப் பஸ் பிடித்து வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் தாய், மாசிமகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் வெயிலில் நிற்கும் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எது வசதி, எப்படிக் கட்டுவது என்று சொல்ல வேண்டும்.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் 31 இடத்தில் வருகிறது. அப்படியே "கேரியர்" என்று போட மனம் ஒப்பவில்லை. நம் ஊரில் கேரியர் என்றால் சோறு கொண்டுபோவது, இல்லையென்றால் சைக்கிளின் பின்னால் இருப்பது. "பிள்ளைதாங்கி" சரியாக இருக்குமா? மண்ணை வெட்டும் கருவி மண்வெட்டி ஆனது போல, கருவிப்பொருளில் வந்த இகர விகுதி, அதாவது சொல்லின் கடைசியில் சேரும் "இ".

நெல்லிக்குப்பத்திலிருந்து:

தம்பி, இலக்கணம் சரி. ஆனால் இந்த விகுதி கருவிக்கு மட்டும் உரியதன்று. ஊருணியில் அது செயப்படுபொருளை, அதாவது ஊரால் உண்ணப்படுவதைக் குறிக்கும்; அலரியில் வினைமுதலை, அதாவது அலர்வதைக் குறிக்கும். ஆகவே பிள்ளைதாங்கி என்றால் பிள்ளையைத் தாங்குகிற தாயையே குறிக்கலாம். பிள்ளைத்தாய்ச்சி என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்க, காதுக்கு இரண்டும் ஒன்றோடொன்று மோதும்.

என் பரிந்துரை மதலை. மதலை என்றால் குழந்தை. மதலை என்றால் தாங்கும் தூணும்கூட. "மதலையாஞ் சார்பிலார்க் கில்லை நிலை" என்ற குறளில் அந்தப் பொருள்தான். மரக்கலத்துக்கும் அந்தப் பெயர் உண்டு. சுமக்கப்படுவது, சுமப்பது, மிதந்து செல்வது மூன்றுக்கும் நம் முன்னோர் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். "மதலைக்கட்டு" என்று வையுங்கள்.

பண்ருட்டியிலிருந்து:

ஐயா, தாங்கி வேண்டாம் என்பதற்கு என்னிடம் வேறு காரணம் இருக்கிறது. எங்கள் ஊருக்குப் போகும் வழியில் ஒரு சுமைதாங்கிக் கல் நிற்கிறது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். வயிற்றுப்பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பது. அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமையை வழிப்போக்கர் இறக்கி வைக்கட்டும் என்பதற்காக. பிரசவம் முடிந்து வந்தவள் கையில் "தாங்கி" என்று எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வராது.

மதலையும் வேண்டாம் ஐயா. என் மருமகளுக்கு அது புரியாது.

கடலூர் முதுநகரிலிருந்து:

கண்ணெதிரே தூளி இருக்கும்போது ஏன் இந்தத் தேடல்? நாற்று நடப் போனவர்கள் வேப்பமரத்தில் புடவையால் கட்டியது தூளி. அதை மரத்தில் கட்டாமல் உடம்பில் கட்டுகிறோம், அவ்வளவுதானே. "தோள்தூளி". தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கிற அம்மாவுக்கும் புரியும். அகராதியைத் திறந்து பார்த்துத்தான் பிள்ளையைக் கட்ட வேண்டும் என்றால் அந்தத் தாளை யாரும் படிக்க மாட்டார்கள். மேசையும் சாவியும் அலமாரியும் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்து நம் வீட்டில் உட்காரவில்லையா?

நெல்லிக்குப்பத்திலிருந்து:

தூளி வடமொழி டோலா, டோலி வழியில் வந்தது என்பர். தமிழில் தூசு என்ற பொருளும் அதற்கு உண்டு. தனித்தமிழ் வேண்டுமென்றால் துணித்தொட்டிலைக் குறிக்கும் ஏணை இருக்கிறது. ஏண் என்றால் உயரம். அதிலிருந்து ஏணி, அதிலிருந்து ஏணை. ஏந்து என்பதும் அந்தக் குடும்பமாகவே இருக்க வேண்டும். உயரத் தூக்குவதுதான் அடிக்கருத்து.

தொங்குவதை முன்னிறுத்துவதென்றால் தூங்கு என்ற வேரே போதும். பழந்தமிழில் தூங்குதல் என்றால் தொங்குதல். தூங்கணாங்குருவி கூட்டைத் தொங்கவிடுவதால் அந்தப் பெயர். தூங்கெயில் தொங்குகிற கோட்டை. தொட்டிலில் தொங்கிய பிள்ளை கண்ணயர்ந்ததால்தான் நாம் இன்று உறங்குவதைத் தூங்குவது என்கிறோமோ என்று எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம்.

எல்லாவற்றையும் விட அழகான சொல் ஒக்கலை. இடுப்பு. பெரியாழ்வாரின் கண்ணன் "ஒக்கலைமேல் இருந்து"தான் நிலாவைச் சுட்டிக் காட்டுகிறான். "விருந்தொக்கல்" என்று குறள் சொல்லும் ஒக்கலுக்குச் சுற்றம் என்று பொருள். இடுப்பில் ஏற்றுக்கொள்ளப்பட்டவர்தாம் சுற்றத்தாரோ?

முத்தியால்பேட்டையிலிருந்து:

நான் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது சொல்லியே ஆக வேண்டும். தூளி, ஏணை இரண்டையும் தயவுசெய்து அந்தத் தாளில் போடாதீர்கள்.

தூளி என்று படித்த தாய் பிள்ளையைத் தூளியில் போடுவது போலத்தான் போடுவாள். பிள்ளை படுத்து, முதுகு வளைந்து, மோவாய் நெஞ்சில் போய் ஒட்டும். பச்சைப்பிள்ளையின் மூச்சுக்குழல் மெல்லியது. அப்படி மடங்கினால் சத்தமே இல்லாமல் மூச்சு அடைக்கும். பை மாதிரித் தொங்கும் தூளிகளைப் பற்றி அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் எச்சரித்தது. 20 ஆண்டுகளில் குறைந்தது 14 குழந்தைகள் இறந்திருந்தன. அவர்களில் 12 பேர் 4 மாதம் நிரம்பாதவர்கள். வீட்டுத் தூளியைக் குறை சொல்லவில்லை. உடம்பில் கட்டுவது வேறு முறை என்பதைப் பெயரே சொல்ல வேண்டும் என்கிறேன்.

பிள்ளை நிமிர்ந்து, தாயின் மார்போடு ஒட்டி இருக்க வேண்டும். முகம் எப்போதும் கண்ணில் பட வேண்டும். குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்க எட்டும் உயரம். மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. தொடை முழுவதையும் துணி தாங்கி, முழங்கால் இடுப்பைவிடச் சற்று மேலே நிற்க வேண்டும், தவளைக்கால் மாதிரி. கால் நேராகத் தொங்கினால் இடுப்பு மூட்டுக்கு நல்லதல்ல. பால் கொடுத்து முடித்ததும் மறுபடி நிமிர்த்திக் கட்ட வேண்டும். அடுப்படியில் நிற்கும்போது வேண்டவே வேண்டாம்.

பெரியவர் மன்னிக்க வேண்டும். ஒக்கலையில் உட்கார்ந்து நிலாவைக் காட்டுகிற பிள்ளைக்குத் தலை நின்றுவிட்டது. ஒன்றரை மாதப் பிள்ளைக்கு நிற்கவில்லை. ஒக்கலை என்று போட்டால் இடுப்பில் வைத்துவிடுவார்கள்.

பண்ருட்டியிலிருந்து:

நர்ஸம்மா சொன்னதைப் படித்து உடம்பு சிலிர்த்துவிட்டது. அப்படியானால் "அணை" என்று தொடங்கும் சொல்லாகப் பாருங்கள். அணைப்பை எப்படி?

லாசுப்பேட்டையிலிருந்து:

அணைப்பை என்பது அணைப்பு என்ற சொல்லோடு இரண்டாம் வேற்றுமை உருபு சேர்ந்தது போலப் படும் அக்கா. "அணைப்பைத் தளர்த்தவும்" என்று எழுதினால் எதைத் தளர்த்துவது?

"அணைகச்சை" என்று கேட்கிறேன். ஊறுகாய் போல வினைத்தொகை, அதனால் நடுவில் க் மிகாது. இன்று தைக்கும் இடத்துக்குப் போய் 4 கிலோ அரிசியை வைத்துக் கட்டிப் பார்த்தேன். தோள்பட்டை மட்டும் உள்ள பழைய மாதிரியில் அரை மணியிலேயே கழுத்து இழுத்தது. அகலமான இடுப்புப் பட்டை வைத்ததில் பாரம் இடுப்பில் இறங்கிவிட்டது. தோள்பட்டைகள் முதுகில் குறுக்காகப் போனதும் இன்னும் இலகு. நாள் முழுக்க நடக்கிறவருக்கு வசதியைத் தருவது அந்தக் கச்சைதான்.

கடலூர் முதுநகரிலிருந்து:

கச்சை கட்டுவது சண்டைக்கு. எந்தக் கடையில் போய் யார் "அணைகச்சை கொடுங்கள்" என்று கேட்பார்கள்? பிள்ளையைத் தூக்கும் பை என்று நேராக எழுதுங்கள்.

முத்தியால்பேட்டையிலிருந்து:

பெயர் எதுவானாலும் சரி. இரண்டு விரல் படம் பெரிதாக வரட்டும்.

லாசுப்பேட்டையிலிருந்து:

தாள் போய்விட்டது. நால்வர் அணைகச்சைக்குச் சரி என்றீர்கள். தலைப்பில் "அணைகச்சை: குழந்தையை மார்போடு அணைத்துத் தூக்கும் பை" என்று இருக்கிறது. முதுநகர் அண்ணன் சொன்னது பாதி ஏறிவிட்டது. உள்ளே 31 இடத்தில் 19ஐ "பை" என்றே விட்டேன். படம் முன்பக்கத்தில், பெயருக்கு மேலே.

நெல்லிக்குப்பத்திலிருந்து:

கச்சைக்கு நான் சம்மதிக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். நர்ஸம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். தலை நின்ற பிள்ளைக்கு, ஆறு மாதத்துக்கு மேல் இடுப்பில் கட்டுவதற்கென்று தனி மாதிரி தைப்பார்களா? தைத்தால் அந்தத் தாள் வரும்போது ஒக்கலை என்ற சொல்லை எனக்காக எடுத்து வையுங்கள்.