புதுப்பிப்பு: டிஸ்லெக்சியா உள்ள மகனின் மெட்ரிக் தேர்வும் வாசிப்பாளரும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ள என் மகனுக்கு, பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வான மெட்ரிக்கில், வினாத்தாளை வாசித்துக் காட்டும் வாசிப்பாளரும் கூடுதல் நேரமும் பெறுவது எப்படி, அதற்கு அவனைப் பழக்குவது எப்படி என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மகன் தேர்ச்சி பெற்றுவிட்டான்.

சலுகைக்கான விண்ணப்பம் பள்ளியின் ஆதரவுக் குழு வழியாக மாவட்டக் குழுவுக்குப் போக வேண்டும். உதவி தேவைப்படும் மாணவர்களைக் கண்டறிந்து ஆதரவு தருவதற்காக 2014-இல் வந்த சியாஸ் (SIAS) கொள்கையின் முறை அது. உளவியலாளரின் அறிக்கையோடு வகுப்பில் அவன் எழுதிய தாள்களையும் சேர்த்தோம். கேட்ட இரண்டும் கிடைத்தன.

பெரிதும் கைகொடுத்தது, "பழைய வினாத்தாளை வேறொருவர் வாசிக்கட்டும், அவன் எழுதட்டும்" என்று ஓர் அக்கா சொன்ன யோசனை. கல்வித் துறையின் இணையதளத்தில் வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. என் தங்கை வாசித்தாள். வாசிப்பாளர் உள்ளதை உள்ளபடி வாசிக்கலாமே தவிர விளக்கக் கூடாது. அவன் திணறியபோதும் அவள் ஒரு சொல் கூடுதலாகச் சொல்லவில்லை. "சித்தி, இன்னொரு முறை வாசியுங்கள்" என்று கேட்கவே கூச்சப்பட்ட பிள்ளை, போகப்போகத் தயங்காமல் கேட்டான். தேர்வறையில் அதுவே அவனுக்குப் பெரிய பலம்.

எதிர்பாராதது கணக்குத் தாள். "இரண்டு எக்ஸ் கூட்டல் மூன்று வகுத்தல் ஐந்து" என்று காதில் விழுந்தால், ஐந்து எதை வகுக்கிறது என்று எப்படித் தெரியும்? ஆகவே கணக்கில் மட்டும் வரிக்கடியில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்கப் பழக்கினோம்.

விண்ணப்பிக்க இருப்பவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு வரை காத்திருக்காதீர்கள். பத்தாம் வகுப்பிலேயே பள்ளியிடம் பேசிவிடுங்கள்.