ஊட்டி உயரத்தில் பெட்ரோல் ப்ளோவர்: ஸ்டில்லா, ஹஸ்க்வர்னாவா, மகிட்டாவா?

குன்னூர்_குளிர்:
நேற்று கோவை_பட்டறை எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. இலை ஊதுவதற்கு எந்த மிஷின் வாங்கலாம் என்று ஒருவர் கேட்டதற்கு, "ஸ்டில் பி.ஜி. 86 வாங்கிப் போடுங்கள், கோயம்புத்தூரில் எப்படி ஊதுமோ ஊட்டியிலும் அப்படியே ஊதும், மலை உயரமெல்லாம் சும்மா கதை" என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். கோயம்புத்தூர் 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். காற்று குறைந்தால் சக்தி குறையும், இது ஸ்டில்லுக்கும் பொருந்தும், ஹஸ்க்வர்னாவுக்கும் பொருந்தும். காற்றோடு பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்குள் விடுவது கார்புரேட்டர், கீழே செட் செய்த கார்புரேட்டர் பெட்ரோலை மட்டும் கிட்டத்தட்ட பழைய அளவிலேயே விட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் இங்கே மிஷின் புகைகிறது, முழு ஆக்சிலரேட்டரில் திக்குகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், முனை காப்பிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டும், மலையில் அது கரி பிடித்து ஈரமாக இருக்கும். கார்புரேட்டரில் முழு வேகத்துக்கான பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் எச் ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ளே திருப்பிக் கலவையில் பெட்ரோலைக் குறைத்தால்தான் சரியாகும். இதைச் சொல்லாமல் பிராண்டு சிபாரிசு செய்வது மலையில் இருப்பவர்களை ஏமாற்றுகிற வேலை.

கோவை_பட்டறை:
"ஏமாற்றுகிற வேலை" என்ற வார்த்தையை முதலில் வாபஸ் வாங்குங்கள். வால்பாறையிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் மிஷின்கள் என் பட்டறைக்கு வருகின்றன, எனக்கும் மலை தெரியும். நீங்கள் பாதியைத்தான் சொல்கிறீர்கள். காற்று லேசானால் இன்ஜினுக்கு மட்டுமா லேசு? உள்ளே சுற்றும் விசிறிக்கும் அதே லேசான காற்றுதானே? அப்போது விசிறியின் சுமையும் குறைகிறது, இன்ஜின் சுற்று பெரிதாக இறங்காது, காற்று வேகம் அப்படியே இருக்கும். வேகம் குறையாதபோது சக்தி எங்கே குறைந்தது? ஸ்க்ரூவைத் திருப்பச் சொல்கிறீர்களே, அதனால்தான் பெட்ரோல் போதாமல் சூடேறி, பாதி பிஸ்டன்கள் சிலிண்டரில் பிடித்துப்போய் எங்களிடம் வருகின்றன.

குன்னூர்_குளிர்:
வேகத்தைப் பற்றி யார் பேசினார்கள்? நான் சொன்னது சக்தி. அதே வேகத்தில் போனாலும் லேசான காற்று இலையைத் தள்ளுவது குறைவுதான். அக்டோபர், நவம்பரில் எங்கள் குன்னூர்ப் பக்கம் வந்து பாருங்கள், எங்களுக்கு மழை அப்போதுதான். சில்வர் ஓக் இலை தெரியுமா உங்களுக்கு? அடிப்பக்கம் வெள்ளை, நனைந்தால் கருங்கல் படியில் அப்பிக்கொண்டு அப்படியே கிடக்கும். அதைக் கிளப்ப வேகம் போதாது, தள்ளு வேண்டும். அப்புறம் ஸ்க்ரூ விஷயம். ஸ்டில் மிஷின்களின் கையேடுகளிலேயே மலைப் பகுதியில் எச் ஸ்க்ரூவைக் கடிகாரச் சுற்றில் திருப்பச் சொல்லியிருக்கிறது. நீங்கள் தலையில் தூக்கிவைத்து ஆடுகிற கம்பெனியே சொல்கிறது. கையேட்டைப் படித்தீர்களா?

கோவை_பட்டறை:
படித்தேன். "தேவைப்பட்டால் சிறிதளவு" என்றுதான் அதற்கு அர்த்தம். ஊட்டிக்குப் போனவுடன் ஆளாளுக்கு ஸ்க்ரூ டிரைவரை எடுக்கச் சொல்லவில்லை. இப்போது வரும் பல மிஷின்களில் அந்த ஸ்க்ரூவுக்கு மூடி போட்டு, ஓர் அளவுக்கு மேல் திருப்ப முடியாதபடி செய்திருக்கிறார்கள். ஏன் என்று யோசித்தீர்களா? உங்களைப் போன்றவர்களுக்காகத்தான்.

கொடை_மேகம்:
இரண்டு பேரும் ஸ்டில் ஒன்றுதான் உலகத்தில் இருப்பது மாதிரி பேசுகிறீர்கள். ஹஸ்க்வர்னா 125பி, 28 சிசி, எடை 4.26 கிலோ. ஸ்டில் பி.ஜி. 86, 27.2 சிசி, 4.4 கிலோ. எங்கள் மிஷினில் சிசி அதிகம், எடை குறைவு. காற்று வேகம் மணிக்கு 170 மைல், அதாவது 270 கிலோமீட்டருக்கு மேல். கொடைக்கானலில் பைன் ஊசி புல்லுக்குள் குத்திக்கொண்டு நிற்கும், அதைப் பிடுங்கி எடுக்க வேகம்தான் வேண்டும், தள்ளு கிள்ளு எல்லாம் வேண்டாம். 1689-ல் ஆரம்பித்த ஸ்வீடன் கம்பெனி அது. ஸ்டில் 1926-ல் வந்தது.

குன்னூர்_குளிர்:
1689-ல் ஹஸ்க்வர்னா செய்தது துப்பாக்கி. அந்த அனுபவம் பைன் ஊசி பொறுக்க எப்படி உதவும்? அட்டைப்பெட்டியில் அச்சடித்த வேகத்தை இங்கே கொண்டுவராதீர்கள், அது குழாய் நுனியில் அளந்தது. நுனியைக் குறுக்கினால் எந்த மிஷினும் வேகம் காட்டும். அதை எந்த உயரத்தில் அளந்தார்கள் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா? கொடைக்கானலும் 2100 மீட்டருக்கு மேல்தான், உங்கள் 125பிக்கும் அதே கதிதான். கார்புரேட்டரைத் தானாகவே சரிசெய்துகொள்ளும் ஆட்டோடியூன் ஹஸ்க்வர்னாவின் மரம் அறுக்கும் ரம்பங்களில் இருக்கிறது, 125பியில் இல்லை. அதே வேலையைச் செய்யும் ஸ்டில்லின் எம்-ட்ரானிக்கும் பி.ஜி. 86-ல் கிடையாது. ஆகவே ஸ்க்ரூவைத் திருப்பித்தான் ஆக வேண்டும். எத்தனை தடவை சொல்வது?

கொடை_மேகம்:
எடை குறைவு என்று சொன்னேனே, அதற்குப் பதில் எங்கே?

கோவை_பட்டறை:
140 கிராம் வித்தியாசம். அதற்கு ஒரு கம்பெனியையே தலைகீழாகப் பேசுகிறீர்கள். பெட்ரோல் கொஞ்சம் கூட ஊற்றினால் அந்த 140 கிராம் போய்விட்டது.

கோத்தகிரி_காரன்:
சண்டை போடுகிற எல்லோரும் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டிய 2-ஸ்ட்ரோக் இன்ஜினையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். மகிட்டா பி.எச்.எக்ஸ். 2501 பாருங்கள், 24.5 சிசி, 4-ஸ்ட்ரோக். பெட்ரோல் தனி, ஆயில் தனி. ஆயில் கலக்கிற வேலையே இல்லை. தோட்டத்தில் வேலைக்கு வருகிறவர்களிடம் லிட்டருக்கு எத்தனை மில்லி 2டி ஆயில் (2-ஸ்ட்ரோக்குக்கான ஆயில்) என்று தினம் சொல்லிக்கொடுப்பது எனக்குப் பெரிய தலைவலி. ஒருவர் மூடியில் ஊற்றுவார், ஒருவர் கண்ணளவு ஊற்றுவார், இன்னொருவர் ஊற்றவே மாட்டார். அந்தத் தொல்லை போச்சு. சத்தமும் உறுத்தாது.

கோவை_பட்டறை:
4-ஸ்ட்ரோக் வேண்டுமென்றால் ஸ்டில்லிலும் இருக்கிறது. பி.ஆர். 600, முதுகில் மாட்டுவது, 64.8 சிசி, 4-மிக்ஸ் இன்ஜின்.

கோத்தகிரி_காரன்:
அதிலும் ஆயில் கலந்த பெட்ரோல்தானே ஊற்ற வேண்டும்! வால்வு வைத்திருந்தாலும் ஆயில் கலப்பது கலப்பதுதான். என் பிரச்சினையே கலப்பதுதான் என்கிறேன், நீங்கள் 10 கிலோ மிஷினை முதுகில் ஏற்றுகிறீர்கள்.

குன்னூர்_குளிர்:
கலப்பதைப் பற்றி எடுத்ததால் சொல்கிறேன். ஸ்டில்லின் சொந்த ஆயிலென்றால் 50:1, லிட்டருக்கு 20 மில்லி. வேறு 2டி ஆயிலென்றால் 25:1, லிட்டருக்கு 40 மில்லி என்று ஸ்டில் சொல்கிறது. கோவை_பட்டறை போன மாதம் இன்னொரு விவாதத்தில் "எந்த ஆயிலாக இருந்தாலும் 20 மில்லி போதும்" என்று எழுதினார். அப்போது நான் சொன்னதற்குப் பதிலே வரவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பிஸ்டன் பிடிக்கிறது என்று ஸ்க்ரூ மேல் பழி போடுகிறாரே, ஆயிலைப் பாதியாகக் குறைத்தால் பிடிக்காமல் என்ன செய்யும்?

கோவை_பட்டறை:
நல்ல தரமான ஆயிலென்றால் 20 போதும் என்றேன். "நல்ல தரமான" என்பதை வசதியாக விழுங்கிவிட்டீர்கள். தம்பி, எனக்கு ஆயில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு நீங்கள் இன்னும் வளரவில்லை.

குன்னூர்_குளிர்:
யார் தம்பி? என் வயது தெரியுமா உங்களுக்கு? பேரன் எடுத்தவன் நான். விஷயம் தீர்ந்துபோனால் தம்பி என்று கூப்பிட்டுச் சமாளிப்பது கோயம்புத்தூர்ப் பழக்கமா? எச் ஸ்க்ரூவைப் பற்றிக் கேட்டேன், அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பேட்டரி_பிரியன்:
காற்று அடர்த்தி, ஸ்க்ரூ, 2டி ஆயில், இதெல்லாம் எதற்கு? பேட்டரி ப்ளோவரில் கார்புரேட்டரே கிடையாது. மோட்டாருக்கு உயரம் ஒரு பொருட்டில்லை. கலிபோர்னியாவில் 2021-ல் சட்டம் போட்டு, 2024 ஜனவரியிலிருந்து தயாராகும் பெட்ரோல் ப்ளோவரை விற்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வாஷிங்டன் டி.சி.யில் 2022-லிருந்து பயன்படுத்தவே தடை. பெட்ரோல் ப்ளோவரை ஒரு மணி நேரம் ஓட்டினால் வருகிற புகைமூட்ட மாசு, ஒரு காரை 1100 மைல் ஓட்டினால் வருவதற்குச் சமம் என்று கலிபோர்னியாவின் காற்று வள வாரியம் சொல்கிறது. நீலகிரியில் பிளாஸ்டிக்கை ஒழிக்கப் பாடுபடுகிறோம், இதையும் ஒழிக்க வேண்டும்.

குன்னூர்_குளிர்:
மோட்டாருக்கு உயரம் இல்லை, சரி. ஆனால் விசிறி அடிக்கிற காற்று அதே லேசான காற்றுதான், தள்ளு அங்கேயும் குறையும். மழைக்காலத்தில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று தெரியாத தோட்டத்தில் எதில் சார்ஜ் போடுவது? தீத்தடுப்புக் கோட்டிலிருந்து சருகைத் தள்ள மலைச் சரிவில் நாள் முழுக்க நடக்கிறவர் எத்தனை பேட்டரியைச் சுமப்பார்? கலிபோர்னியாவின் சட்டத்தை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டி_விருந்தகம்:
உங்கள் எல்லோரிடமும் ஒரே ஒரு வேண்டுகோள். எங்கள் பக்கத்துப் பங்களாவில் விடியற்காலை ஆறரைக்கு ப்ளோவரை எடுக்கிறார்கள். சைப்ரஸ் மரத்தடியில் ஒரு கூடை இலைதான் விழுந்திருக்கும், அதற்குத் தெருவே அதிர்கிறது. என்னிடம் தங்க வருகிறவர்கள் அமைதிக்காகக் காசு கொடுத்து வருகிறார்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. விளக்குமாற்றால் பெருக்கினால் என்ன குறைந்துவிடும்?

கோவை_பட்டறை:
மேடம், ஐந்து ஏக்கர் புல்வெளியை விளக்குமாற்றால் பெருக்கிக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

ஊட்டி_விருந்தகம்:
எங்கள் ஊரில் எத்தனை பேருக்கு ஐந்து ஏக்கர் புல்வெளி இருக்கிறது? அந்தப் பங்களா முற்றம் மொத்தமே அரை கிரவுண்டு. அளவு தெரியாமல் மிஷின் விற்கிறவர்கள்தான் இந்தச் சத்தத்துக்குக் காரணம்.

கொடை_மேகம்:
125பி அவ்வளவு சத்தம் போடாது. எடையும் குறைவு.

குன்னூர்_குளிர்:
அம்மா, சத்தத்துக்கும் ஸ்க்ரூவுக்கும் சம்பந்தம் இருக்கிறது. பெட்ரோல் அதிகமாகிக் கலவை கெட்டியாக ஓடுகிற மிஷின் திக்கித் திக்கி ஓடும், அதைச் சமாளிக்க ஆள் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திப் பிடிப்பார். சரியாக டியூன் செய்த மிஷினில் பாதி ஆக்சிலரேட்டரில் வேலை முடியும். இன்னொன்றையும் இங்கே யாரும் பேசவில்லை. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஹஸ்க்வர்னா கையேட்டில் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்றிருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். எங்கள் ஊர் மூடுபனியில், பாதி காலியான கேனில் ஆயில் கலந்து வைத்த பெட்ரோலை ஒரு மாதம் கழித்து ஊற்றினால், கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய டயாஃப்ரம் சவ்வு விறைத்துப்போகும். அதற்கு எந்தப் பிராண்டும் தப்பாது. அந்த வாரத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் கலக்க வேண்டும், வேலை முடிந்ததும் டாங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும்.

கோத்தகிரி_காரன்:
நான் ஆயில் கலப்பதே இல்லை, அதனால் பெட்ரோலைக் கேனில் சேர்த்துவைக்கவும் அவசியமில்லை. ஸ்கூட்டரிலிருந்து எடுத்து ஊற்றினாலும் ஓடும். மகிட்டா வாங்குங்கள் என்று அதனால்தான் சொன்னேன்.

குன்னூர்_குளிர்:
ஸ்கூட்டரில் இருப்பதும் அதே எத்தனால் பெட்ரோல்தான். கோத்தகிரி உயரத்தில் உங்கள் 4-ஸ்ட்ரோக்கும் மூச்சு வாங்கும். 24.5 சிசி என்பதால் இன்னும் கூடுதலாகவே வாங்கும்.

கோவை_பட்டறை:
மறுபடியும் மூச்சு! காற்று வேகம் குறையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஸ்க்ரூவைத் திருப்பிய மிஷினை என் பட்டறைக்குக் கொண்டுவந்தால் கை வைக்க மாட்டேன். குன்னூர்க்காரர் தன் மிஷினை அப்படியே ஜீப்பில் போட்டு மேட்டுப்பாளையம் தோப்புக்கு இறக்கி ஓட்டிப் பார்க்கட்டும், அப்போது தெரியும் யார் பிஸ்டன் பிடிக்கிறது என்று.

குன்னூர்_குளிர்:
இறக்கும்போது திரும்ப வெளியே திருப்ப வேண்டும் என்பது தெரியாமலா இத்தனை வருஷமாக ஓட்டுகிறேன்? கீழே போனால் காற்று கெட்டி, கலவை மெலிந்துவிடும், சூடேறிப் பிடித்துக்கொள்ளும். அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது மெக்கானிக்கின் வேலை. நீங்கள் கை வைக்க மாட்டேன் என்கிறீர்கள். நான் உங்களிடம் கொண்டுவருவதாக எப்போது சொன்னேன்? மலையில் ஸ்டில் நல்ல மிஷின்தான், அதை நான் மறுக்கவே இல்லை, திருப்பாமல் ஓட்டினால் பாதி மிஷின்தான் என்கிறேன்.

கோவை_பட்டறை:
வேகம் குறையாது.

குன்னூர்_குளிர்:
தள்ளு குறையும்.

கொடை_மேகம்:
4.26 கிலோ. இதுவரை ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.