ஜெஃப் பெக்கின் வலது கை: கேட்டவர்கள், வாசிப்பவர்கள் பகிர்வு

2007 நவம்பரில் லண்டன் சோஹோவில் உள்ள ரானி ஸ்காட்ஸ் ஜாஸ் கிளப்பில் ஆங்கிலேய ராக் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் வாசித்ததன் ஒளிப்பதிவைப் பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து வலது கையைக் கவனியுங்கள். பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) கிடையாது. கட்டைவிரல் மீட்டுகிறது, ஆள்காட்டி விரல் சுண்டுகிறது, சுண்டுவிரல் வால்யூம் திருகில் இருக்கிறது, சுருதியை ஏற்றி இறக்கும் கம்பியான டிரெமலோ பார் கைக்குள்ளேயே கிடக்கிறது. ஒரே ஸ்வரத்துக்குள் இத்தனையும் நடக்கும். வால்யூமை மூடிவைத்துத் தந்தியை மீட்டிவிட்டு அப்புறம்தான் திறப்பார். மீட்டிய ‘டக்’ காதில் விழாது. வில் போட்ட வயலின் மாதிரி ஒலி மெல்ல எழும்பி வரும்.

டிரம்ஸ் வின்னி கொலையூட்டா, கீபோர்டு ஜேசன் ரெபெல்லோ. பாஸ் வாசித்த டால் வில்கன்ஃபெல்டுக்கு அப்போது 21 வயதுகூட நிரம்பவில்லை. ஸ்டீவி வொண்டர் எழுதிய மெதுநடை உருப்படியில் தனி வாசிப்பை அந்தப் பெண்ணிடம் விட்டுவிட்டு பெக் ஒதுங்கி நிற்கும் இடம் எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது.

* * *

அந்தக் கை ஒரே நாளில் வந்ததல்ல. 1965இல் யார்ட்பேர்ட்ஸ் என்ற ஆங்கில ராக் குழுவில் எரிக் கிளாப்டன் விட்டுப்போன இடத்துக்கு வந்தவர். பிறகு ராட் ஸ்டூவர்ட் பாட, ரான் வுட் பாஸ் வாசிக்கச் சொந்தக் குழு. 1975இல் பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினோடு சேர்ந்து பாடகரே இல்லாமல் செய்த ‘ப்ளோ பை ப்ளோ’ அமெரிக்கப் பட்டியலில் 4ஆம் இடம் வரை போனது. பிக்கைக் கைவிட்டது எண்பதுகளில். புகழ் வந்த பிறகு கையின் பழக்கத்தையே மாற்றிக்கொள்ள எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 2023 ஜனவரி 10 அன்று, 78 வயதில் காலமானார்.

* * *

வாசிப்பவர்களுக்கு: சாதாரண ஸ்ட்ராட்டில் (ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்) இதை முயன்றால் முதலில் தகராறு செய்வது பிரிட்ஜ்தான், அதாவது கிட்டார் உடம்பில் தந்திகளைத் தாங்கும் பாலம். பாரை மேலே இழுத்தால் சுருதி ஏற வேண்டும். அதற்குப் பிரிட்ஜ் உடம்பில் ஒட்டிப் படுக்காமல் மிதக்க வேண்டும். பின்விளிம்பில் சுமார் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். சுருதி சேர்த்துவிட்டு இடைவெளியைப் பாருங்கள். அதிகமாகத் தூக்கியிருந்தால் பின்பக்க மூடியைக் கழற்றி, ஸ்ப்ரிங் கொக்கியின் இரண்டு ஸ்க்ரூவையும் அரைச் சுற்று முடுக்கி, மறுபடி சுருதி சேருங்கள். நாலைந்து தடவை இப்படிப் போய் வந்தால்தான் நிலைக்கும். பாரை முழுக்க இழுத்தால் ஜி தந்தி ஏறக்குறைய மூன்று செமிடோன் (அரைச்சுரம்), பி இரண்டு, மெல்லிய ஈ ஒன்று ஏறினால் சரியாக அமைந்துவிட்டது. தந்தியின் தடிமனை (கேஜ்) மாற்றினால் எல்லாமே முதலிலிருந்து.

மிதக்கும் பிரிட்ஜில் ஒரு தந்தியை வளைத்தால் மற்ற ஐந்தும் இறங்கும். ஒன்று அறுந்தால் மற்றவை ஏறிவிடும், அந்தப் பாட்டு அதோடு போச்சு. உள்ளங்கையைப் பிரிட்ஜில் அழுத்தினாலும் சுருதி ஏறும்.

பாரை விட்டதும் தந்தி பழைய சுருதிக்குத் திரும்பவில்லையா? முக்கால்வாசி நட்டில்தான் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் கடந்துபோகும் பள்ளமுள்ள துண்டு) சிக்கியிருக்கும். பெக் பெயரில் ஃபெண்டர் விற்ற மாடலில் ரோலர் நட் வைத்ததே இதனால்தான். சாதா நட் என்றால் பள்ளத்தைத் தந்திக்கேற்ற அரத்தால் சீராக்கி, மெல்லிய பென்சில் முனையால் கிராஃபைட் தடவுங்கள்.

* * *

வால்யூம் பற்றி ஒன்று சேர்க்கிறேன். ஆம்பில் (ஆம்ப்ளிஃபயர்) கெயினை, அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் திருகை, ஏற்றிவைத்து, கிட்டாரில் 3, 4க்கு இறக்கினால் சுத்தமான ஒலி கிடைக்கும்; கூடவே டிரெபிளும் மங்கும். டிரெபிள் மங்காதிருக்க, வால்யூம் திருகின் அடியிலுள்ள பொட்டென்ஷியோமீட்டரின் உள்ளீட்டுக் காலுக்கும் நடுக்காலுக்கும் குறுக்கே 0.001 மைக்ரோஃபராட் கெப்பாசிட்டரையும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் பக்கம்பக்கமாகச் சேர்த்துப் பற்றவையுங்கள். வெறும் கெப்பாசிட்டர் போதாது, குறைந்த வால்யூமில் ஒலி கீச்சென்று மெலிந்துவிடும்.

* * *

பெக்கின் ‘வேர் வேர் யூ’ உருப்படியை எடுப்பவர்களுக்கு: அதன் மெட்டில் பெரும்பகுதி ஹார்மோனிக்கிலும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டி எழுப்பும் மணியொலி) பாரிலும்தான். 7ஆம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள கம்பி) ஜி தந்தியைத் தொட்டு மீட்டினால் டி ஸ்வரம் வரும். பாரை இரண்டு செமிடோன் இழுத்தால் ஈ. விரல் ஃபிரெட் கம்பிக்கு நேர் மேலே இருக்கட்டும். மீட்டியதும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒலி செத்துவிடும். பாரை முன்கூட்டியே அமுக்கிக்கொண்டு மீட்டி, விட்டு ஏறுவதுதான் கஷ்டம். எவ்வளவு அமுக்கினோம் என்று காட்ட அங்கே ஃபிரெட் இல்லை. ட்யூனரைப் பார்த்து ஒரே சுருதி இடைவெளியைத் திரும்பத் திரும்பப் பழகுங்கள்.

* * *

பெக் வாசித்த, நிதின் சாஹ்னியின் ‘நாதியா’வை விட்டுவிட்டீர்களே! சுவாதி நடேகர் பாடிய கமகங்களை பெக் ஸ்லைடில் (விரலில் மாட்டித் தந்தியில் வழுக்கும் குழாய்) எடுப்பதை நம் காது உடனே பிடித்துக்கொள்ளும். ‘ஏஞ்சல்’ உருப்படியில் அதே ஸ்லைடு ஃபிரெட்டெல்லாம் தாண்டிப் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் காந்தச் சுருள்) மேல் போகும். ஸ்ட்ராட்டின் தந்தி நீளம் 648 மி.மீ. முதல் ஃபிரெட்டில் ஒரு செமிடோனுக்கு 36 மி.மீ. இடம் உண்டு, 12ஐத் தாண்டினால் 18, கழுத்துப் பக்கப் பிக்கப் மேல் 9தான். அங்கே 2 மி.மீ. தள்ளி வைத்தாலே அபஸ்வரம்.