பிரிட்டில்புஷ்: வெள்ளை இலை பச்சையாகிறது, செடி சாய்கிறது

மணல்வெளி: அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரம். மண்ணில் 2 வருடப் பிரிட்டில்புஷ் (பாலைவனப் புதர்ச்செடி). சொட்டு நீர் வாரம் 2 முறை. சாம்பல் வெள்ளையாக இருந்த இலை இப்போது பெரிதாக, பச்சையாக வருகிறது. கிளைகள் நீண்டு நடுவில் பிளந்து சாய்கின்றன. நோயா, சத்துக் குறைவா?

கள்ளிக்காடு: நோயில்லை, தண்ணீர் அதிகம். இலையின் வெள்ளை என்பது மென்மயிர். பழைய இலையில் மயிர் உதிரவில்லை; ஈரத்தில் புதிதாக விரியும் இலை குறைந்த மயிரோடுதான் பிறக்கும். ஈரக்கால இலை ஒளியில் 80% வரை உள்வாங்கும், கடும் வறட்சி இலை 30% அளவுதான். வெயிலைத் திருப்பி அனுப்பித்தான் இலை சூடேறாமல் தப்பிக்கிறது. சொட்டுக்குழாயை மூடுங்கள். கோடையில் 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, 2 அடி ஆழம் நனைய விட்டால் போதும். உரம் வேண்டவே வேண்டாம்.

மணல்வெளி: சாய்ந்த கிளைகளை இப்போதே வெட்டலாமா? அக்டோபர் ஆகிவிட்டதே.

ஓடைக்கரை: வேண்டாம். இப்போது வெட்டினால் இளந்துளிர் உறைபனியில் கருகும், வசந்தத்துப் பூவும் போகும். பூ முடிந்து காம்புகள் காய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். இலையே இல்லாத கட்டை வரை போகாதீர்கள், துளிர்ப்பது சந்தேகம். வெட்டுவாயில் மஞ்சள் பிசின் கசியும், கத்தரி ஒட்டிக்கொள்ளும். சமையல் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போகும். ஸ்பானியப் பாதிரிகள் தேவாலயத்தில் தூபம் போட்ட பிசின் இதுதான், பெயரே ‘இன்சியென்சோ’, ஸ்பானிய மொழியில் தூபம்.

கள்ளிக்காடு: மாற்றுச்செடி வேண்டுமானால் இதே மாதம் விதைக்கலாம். நகத்தால் அழுத்திப் பாருங்கள், பல விதை பொக்காக இருக்கும். 3 மி.மீ. மண் மூடினால் போதும்.